சிவப்பு ஊசி

"விஷம் இல்லையாம்." நூரியா கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டாள். "ரத்தத்துல இல்ல, முடியில இல்ல, சோத்துல இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல."

"அப்ப கேஸும் இல்ல," என்றான் ஹமூத். "திரும்பிப் போயிடலாம். இந்த ஏசிய விட்டு வெயில்ல இறங்கணும்னு நினைச்சாலே பாவமா இருக்கு."

"யார் மேல பாவம்?"

"என் மேலதான், உம் நாசர்."

கார் காதிஸியா பகுதியில் ஒரு மூன்று மாடி வீட்டின் எதிரே நின்றிருந்தது. நூரியா பெண் போலீஸ் விசாரணைப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவள். இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் கடை. மூத்த மகன் பேரைச் சேர்த்து உம் நாசர், நாசரின் அம்மா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஹமூத் அவளுடைய உதவியாளன். ஒரு காலத்தில் லிஃப்டில் அவன் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். வயிற்றைக் குறுக்கும் தக்மீம் ஆபரேஷன் செய்துகொண்டு பாதி ஆளாகிவிட்டான். அரபியில் அந்தச் சொல்லுக்கு வாய்க்கூடு மாட்டுவது என்றும் பொருள் உண்டு. டாக்டர் வயிற்றுக்கு மாட்டியது போதாது, வாய்க்கும் சேர்த்து மாட்டியிருக்க வேண்டும் என்று நூரியா அவனிடம் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் கைப்பேசி கூவியது. கதவுப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, முகத்தைச் சுளித்து விழுங்கினான்.

"இரும்புச் சத்து. கால்சியம் சாயங்காலம். ரெண்டையும் ஒண்ணா உள்ள விட்டா ஒண்ண ஒண்ணு வேலை செய்ய விடாது. எங்க வீட்டு மருமகளுங்க மாதிரி." டாஷ்போர்டில் இருந்த குளிர்பையைத் தட்டிக் காட்டினான். "இன்னைக்கு ஊசி நாள் வேற. போற வழியில எங்க ஏரியா கிளினிக்குல நிறுத்தணும். போன தடவை போட்ட நர்ஸ் ஒழுக விட்டுட்டா. பாருங்க, தோள்ல கறை. விம்டோ சர்பத் கொட்டிடுச்சான்னு சலவைக்காரன் கேக்குறான்."

அவன் போட்டிருந்த நீள வெள்ளை அங்கியின், தஷ்தாஷாவின், தோளில் மங்கிய ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு. நூரியா அதைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தாள். அவள் மனம் முழுக்க கனீமாவின் கால்களில் இருந்தது.

கனீமா பள்ளி ஆசிரியை. கணவனை இழந்தவள். மகள் தீமா கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் மாரடைப்பில் போய்விட்டான். ஹமூத் செய்துகொண்டதைவிடப் பெரிய ஆபரேஷன் அவளுக்கு. வயிற்றைச் சிறிதாக்கிக் குடலையும் மாற்றித் தைத்திருந்தார்கள். எடை இறங்கியது, முகம் தெளிந்தது, தோஹாவிலிருந்து மிஷாரி என்ற நல்ல மனிதன் பெண் கேட்டு வந்தான். பெருநாள் கழிந்ததும் கல்யாணம். அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பாதம் மரத்துப்போனது, படியில் தடுமாறினாள், நாக்கு எரிந்தது, மாணவிகளின் பெயர் மறந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் காரை ஓரங்கட்டி அழுதிருக்கிறாள்.

யாரோ எனக்கு விஷம் வைக்கிறார்கள் என்றுதான் அவள் நூரியாவிடம் வந்தாள். யாரோ என்ன, பெயரையே சொன்னாள். கீழ்த்தளத்தில் இருக்கும் அண்ணன் மனைவி அப்ரார். சமைத்து மேலே அனுப்புவது அவள்தான். விஷயம் தெளிகிற வரை அப்பா வீட்டுக்குப் போய் இரு என்று அண்ணன் பர்ராக் மனைவியிடம் சொல்லிவிட்டான். டாக்டரோ வேறொன்று சொல்லியிருந்தார். இது நரம்புக் கோளாறு, காரணத்தைச் சீக்கிரம் பிடித்தால் நிறுத்தலாம், தாமதித்தால் போன கால் போனதுதான்.

இப்போது விஷமும் இல்லை என்றாகிவிட்டது.

"விஷம் இருக்கான்னு கேட்டோம், இல்லன்னு பதில் வந்துச்சு," என்றாள் நூரியா கதவைத் திறந்தபடி. "நாம கேள்வியையே தப்பாக் கேட்டோமோ என்னவோ. இறங்கு. அந்தக் குளிர்பையையும் எடுத்துக்க, வெயில்ல கெட்டுடும்."

*

மேல்தளத்துக் கூடத்தில் கனீமா சோபாவில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தந்த நிறத்தில் வீட்டு அங்கி. ஒரு கையில் தோளுக்குச் சற்றுக் கீழே பிளாஸ்டர் போட்டு ஒட்டிய பஞ்சு.

காலையில் அக்கா ஊசி போட்டாள் என்று கனீமா சொன்னாள். மாதாமாதம் போடுகிற சத்து ஊசி. கூடவே குடியிருக்கும் அக்கா சபீக்கா அரசு கிளினிக்கில் நர்ஸ். அதனால் இவளுக்கு வரிசையில் நிற்கிற வேலை இல்லை. ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம், எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

சபீக்கா ஏலக்காய் மணக்கப் பால் தேநீர் கொண்டுவந்தாள். பருத்த உடம்பு, மெதுவான நடை, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்கிற கண்கள். ஹமூத்துக்கு மட்டும் சின்னக் கோப்பையில் அரைக் கோப்பை. ஆபரேஷன் வயிற்றின் அளவு அவளுக்குத் தெரியும். நூரியாவுக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போயிருந்தது. தனக்கும் இப்படி ஒரு அக்கா இருந்திருந்தால் என்று இரண்டு முறை நினைத்திருக்கிறாள்.

வாசலில் பள்ளிப் பேருந்தின் ஹாரன் கேட்டது. அடுத்த நிமிஷம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"யும்மா!"

அம்மா என்ற அந்த அழைப்புக்கு இரண்டு பெண்களும் திரும்பினார்கள். சபீக்கா முதலில் எழுந்தாள். புத்தகப் பையோடு ஓடிவந்த தீமா அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு, டீச்சர் வாங்கி வரச் சொன்ன வண்ணக் காகிதத்தைப் பற்றி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அப்புறம்தான் தாயிடம் வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சபீக்கா அவளை உடை மாற்ற உள்ளே அழைத்துப் போனாள்.

"ரெண்டு பேரையும் யும்மான்னுதான் கூப்பிடுவா," என்றாள் கனீமா. "என் வீட்டுக்காரர் போனப்ப நான் ஆறு மாசம் படுக்கைய விட்டு எந்திரிக்கல. அக்காதான் பால் குடுத்தா, குளிப்பாட்டினா. எனக்கு வாய்ச்ச மாதிரி அக்கா யாருக்கும் வாய்க்காது." நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "அவகிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேனா இல்லையான்னு தெரியல. என்ன விஷயம்னும் தெரியல. இப்படித்தான் ஆயிடுச்சு என் மண்டை."

ஹமூத் தொண்டையைக் கனைத்தான். நூரியாவுக்கு அந்தக் கனைப்பு தெரியும். அவன் ஏதோ விவகாரமாகக் கேட்கப்போகிறான்.

"உம் தீமா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாத்ரூம் போனா என்ன கலர்ல போகுது?"

நூரியா அவனைப் பார்த்த பார்வையில் தேநீர் மறுபடியும் கொதித்திருக்கும்.

"இல்ல, உம் நாசர், கேளுங்க. எனக்கும் ஆபரேஷன் ஆயிருக்கு. வைட்டமின் மாத்திரை போட்டா ஒண்ணுக்கு மஞ்சளாப் போகும், கண்ணு கூசும். இரும்பு போட்டா ரெண்டாவது விஷயம் தார் மாதிரி கறுப்பு. எங்க வீட்டு பாத்ரூம்ல தினமும் வாணவேடிக்கைதான். இவங்களுக்கும் அப்படித்தான இருக்கணும்?"

கனீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நூரியா பார்த்தது அதுதான் முதல் முறை. சிரிப்பு அடங்கியதும் யோசித்துவிட்டு, அப்படியெல்லாம் எதுவும் இல்லை, எல்லாருக்கும் போலத்தான் என்றாள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல. டாக்டர்கிட்டயும் அதான் சொன்னேன். இந்த வீட்டுல நான் ஆசையா வாயில போட்டுக்கிற ஒரே பொருள் அதுதான்."

ஹமூத் கோப்பையைக் கீழே வைத்தான். "வைட்டமின் மாத்திரைய ஆசையாச் சாப்பிடுறவங்கள நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

மேசை மேல் கிழமைக்கு ஓர் அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அனுமதி கேட்டுவிட்டு ஒன்றை எடுத்து முகர்ந்தான், கடித்தான், மென்றான். கண்ணை மூடி இன்னும் கொஞ்சம் மென்றான்.

"ஆரஞ்சு மிட்டாய். பல்லுக்குக் கெடுதல், வேற எதுக்கும் கெடுதலும் இல்ல, பிரயோஜனமும் இல்ல."

கனீமாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. நூரியா மெதுவாக விளக்கினாள். குடலை மாற்றித் தைத்த பிறகு சாப்பாட்டில் இருக்கிற சத்து உடம்பில் ஒட்டாது. அதை மாத்திரையும் ஊசியும்தான் ஈடு கட்ட வேண்டும். உங்களுக்கு யாரும் எதையும் உள்ளே வைக்கவில்லை, உள்ளே போக வேண்டியதை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

"மாத்திரை வாங்கிட்டு வர்றது யாரு?"

"அப்ரார் அண்ணி," என்றாள் கனீமா. "சொன்னேன்ல. சொன்னேன்ல நான். என்னைப் பைத்தியம்னு நினைச்சாங்க எல்லாரும்."

சபீக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று நூரியாவுக்குத் தெரியவில்லை. டப்பாவையும் ஹமூத்தின் வாயையும் பார்த்துவிட்டு, பாட்டிலை வாங்கி வருவது அண்ணி, தான் அதை எடுத்து டப்பாவில் நிரப்புவது மட்டும்தான் என்றாள். கண்களில் நீர் நின்றது.

"அண்ணி கெட்டவ இல்ல, உம் நாசர். அவளுக்கு எதாவது ஆத்திரம் இருந்திருக்கும்."

எவ்வளவு பெருந்தன்மை என்று அந்த நேரத்தில் நூரியா நினைத்தாள்.

*

கீழ்த்தளத்துச் சமையலறையில் அடுப்பு எரியவில்லை. அப்ரார் மேசையருகே உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய ரொட்டியில் பாலாடைக் கட்டி தடவிக்கொண்டிருந்தாள். கதவோரம் ஒரு பெட்டி தயாராக நின்றது.

ஹமூத் மிட்டாய் விஷயத்தைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து, மேலே அனுப்பாமல் வைத்திருந்த புது பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சீல் உடையவில்லை.

"திறங்க."

ஹமூத் திறந்தான். வைக்கோலும் மருந்தும் கலந்து ஊறிய நாற்றம் சமையலறை முழுக்கப் பரவியது. மேசையில் இருந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"ஆ, இதான்," என்றான் ஹமூத், பழைய சிநேகிதனைக் கண்டவன் மாதிரி. "இந்த நாத்தம் இல்லாம எனக்குக் காலையே விடியாது."

"வாங்கிட்டு வந்தா ஒரு நாள் பூரா கார் நாறும்," என்றாள் அப்ரார். "ஒவ்வொரு தடவையும் இதே பாட்டில், இதே கடை, சீலோட மேல அனுப்புறேன். அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேல அடுப்படிக்குள்ள சபீக்கா வேலைக்காரியக்கூட விடமாட்டா." கத்தியைத் தட்டில் வைத்தாள். "இந்த வீட்டுக்கு வந்து பன்னெண்டு வருஷம். ஒரே சட்டியில ஆக்கி என் பிள்ளைங்களுக்கும் போட்டேன், கனீமாவுக்கும் அனுப்பினேன். விஷம் வச்சா என் பிள்ளைங்க இருந்திருக்குமா? இதக்கூட என் புருஷன் யோசிக்கல. அவ சொன்னா, இவரு பெட்டியக் கட்டச் சொல்லிட்டாரு."

பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் இடையில் ஒரே ஒரு ஜோடிக் கைதான் இருந்தது. அது எந்தக் கை என்று நூரியாவுக்குத் தெரிந்தது. தெரிய வேண்டாம் என்று இருந்தது.

படிக்கட்டுக்கு வந்ததும் ஹமூத் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த அக்காவா? வாய்ப்பே இல்ல, உம் நாசர். எனக்கு அரைக் கோப்பை டீ குடுத்தவங்க. எங்க அம்மாவே இன்னும் முழு மச்பூஸ் சோத்துத் தட்ட நீட்டுறாங்க. கடைக்காரன் பாட்டில மாத்திக் குடுத்திருப்பான்னு அவங்க சொன்னா, நாம என்ன பண்ண முடியும்?"

"மாத்திரைக்கு அப்படிச் சொல்லலாம்," என்றாள் நூரியா. அவள் பார்வை அவன் தோளில் இருந்த ரோஜாநிறப் பொட்டில் நின்றது. காலையில் ஊசி போட்ட கனீமாவின் கையில் ஒட்டியிருந்த பஞ்சு நினைவுக்கு வந்தது. நடுவில் கடுகளவு காய்ந்த ரத்தம். சுற்றிலும் பளிச்சென்ற வெள்ளை. "உன் ஊசி மருந்து கையில இருக்கா?"

குளிர்பையைத் தூக்கிக் காட்டினான்.

"கிளினிக் வேண்டாம். இங்கயே போட்டுக்க."

"யார்கிட்ட?"

நூரியா மேலே பார்த்தாள். ஹமூத்துக்குப் புரிந்ததும் அவன் முகத்திலிருந்து கேலி இறங்கிவிட்டது. என் தோள் உங்களுக்கு ஒரு ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினான்.

*

ஹமூத் நன்றாகவே நடித்தான். கிளினிக் மூடிவிடுவார்கள், இன்று விட்டால் அப்புறம் வார விடுமுறை, நீங்கள் நர்ஸ் என்று தெரிந்தும் கேட்காமல் போனால் என் அம்மா திட்டுவாள் என்றெல்லாம் அடுக்கினான். வீட்டுக்கு வந்தவர் வாய்விட்டுக் கேட்ட பிறகு முடியாது என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. சபீக்கா குளிர்பையைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"சரி. உள் ரூமுக்கு வாங்க, போட்டு விடுறேன்."

"அக்கா, என்ன பேசுற?" கனீமா சிரித்துவிட்டாள். "வெளி ஆம்பளையோட உள்ள போய்க் கதவச் சாத்துவியா? அண்ணன் கேட்டா என்ன சொல்றது? இங்கயே போடு, நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

இத்தனை பேர் எதிரே, மரியாதையான ஒரு பெண் அதை மறுக்க வழியில்லை.

ஹமூத் பருத்திருந்த காலத்துப் பழைய தஷ்தாஷாவின் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினான். இதற்குள் இன்னொரு ஆள் வாடகைக்கு வரலாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். சபீக்கா கை கழுவி வந்தாள். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள், ஊசியில் ஏற்றினாள். கைகள் பழகிய வேலையைப் பிசகில்லாமல் செய்தன. ஆனால் ஊசியை உடம்போடு சேர்த்து, கனீமா பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நூரியா அதைக் கவனித்தாள். அவள் நெஞ்சில் மிச்சமிருந்த கடைசி நம்பிக்கையும் அதோடு போயிற்று.

ஊசி இறங்கியது, வெளியே வந்தது. சபீக்கா பஞ்சை வைத்து அழுத்தி உடனே எடுத்து மடக்கப் போனாள். ஹமூத் அதற்குள் அவள் விரலிலிருந்து பஞ்சை வாங்கிக்கொண்டான்.

"குடுங்க, நானே அழுத்திக்கிறேன். முடிஞ்சது, உம் தீமா, திரும்பலாம்."

கனீமா திரும்பினாள். அவன் கையில் இருந்த பஞ்சு நல்ல சிவப்பில் நனைந்திருந்தது.

"அய்யோ, எவ்வளவு ரத்தம்."

"ரத்தம் இல்ல. மருந்தே இந்தக் கலர்தான்," என்றான் ஹமூத். குரலில் விளையாட்டு இல்லை. "பி பன்னெண்டு. ஊர் பூரா இதுக்கு சிவப்பு ஊசின்னுதான் பேரு. நீங்க கேள்விப்பட்டதில்லையா?"

"கேள்விப்பட்டிருக்கேன். ஆஸ்பத்திரியில சொன்னாங்க." கனீமா தன் கையைப் பார்த்தாள். பிளாஸ்டரை மெல்ல உரித்தாள். பஞ்சைப் புரட்டி முன்னும் பின்னும் பார்த்தாள். அப்புறம் அக்காவை நிமிர்ந்து பார்த்து, சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டாள்.

"அக்கா, என்னுது ஏன் வெள்ளையா இருக்கு?"

"உன்னுது வேற கம்பெனி."

"எந்தக் கம்பெனி செஞ்சாலும் இந்த மருந்து சிவப்பாத்தான் இருக்கும், சபீக்கா," என்றாள் நூரியா. "நர்ஸுக்கு நான் சொல்லித் தரணுமா? காலையில நீங்க போட்டது வெறும் உப்புத் தண்ணி."

சபீக்கா வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டாள். மறுத்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று நூரியா எதிர்பார்த்தாள். அவளோ உள்ளே போனாள். அவளுடைய அறையில் சின்னக் குளிர்பெட்டி ஒன்று இருந்தது, தீமாவின் தயிர்க் கோப்பைகளுக்காக. அதன் பின்புறத்திலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து தங்கையின் மடியில் வைத்தாள். கனீமா மூடியைத் திறந்தாள். டின் நிறையச் சின்னச் சின்னச் சிவப்புக் குப்பிகள். ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

"எல்லாம் இருக்கு," என்றாள் சபீக்கா. "ஒண்ணக்கூடத் தூக்கிப் போடல. கல்யாணம் நின்னதும் எல்லாத்தையும் உனக்கே ஏத்திடலாம்னு இருந்தேன்."

"கல்யாணம் நின்னதும்."

"நீ சாகணும்னு நான் நினைக்கல, கனீமா. கடவுள் மேல ஆணையா இல்ல. நீ கொஞ்சம் சோர்ந்து படுத்தா, அவர் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுவார்னு நினைச்சேன். அவர் போகல. நீ சரியாகட்டும் காத்திருக்கேன்னு சொன்னார். அதனால நானும் நிறுத்த முடியல."

"என் கால்?"

"திரும்ப வந்துடும்னு நினைச்சேன்."

"நினைச்சியா?" கனீமாவின் குரல் உயரவில்லை. "நீ நர்ஸ். நினைச்சியா?"

சபீக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எல்லாம் கொட்டியது. இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஆபரேஷன் செய்துகொள்வதாகத்தான் பேச்சு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே என்று சபீக்கா பின்வாங்கினாள். தங்கை மெலிந்து, புது உடை வாங்கி, புது வாழ்க்கைக்குக் கிளம்பினாள். அக்கா அதே உடம்போடு அதே அடுப்படியில் நின்றாள். அதுகூடப் பரவாயில்லை என்றாள் சபீக்கா.

"ராத்திரி காய்ச்சல்ல தீமா கூப்பிடுறது என்னை. பல்லு விழுந்தப்ப கொண்டுவந்து என் கையிலதான் குடுத்தா. நீ அவளத் தோஹாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா அப்புறம் நான் யாரு? வருஷத்துக்கு ஒரு தடவை பொம்மை வாங்கிட்டு வர்ற விருந்தாளி."

விருந்தாளி என்ற சொல்லைக் கேட்டதும் கனீமாவின் நெற்றி சுருங்கியது. இருட்டில் எதையோ தடவித் தேடுபவள் மாதிரி கையை ஆட்டினாள்.

"விருந்தாளி ரூம் இல்ல. உன்னோட ரூம். பால்கனி வச்சது." மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மிஷாரிகிட்டக் கேட்டேன். அக்கா இல்லாம நானும் தீமாவும் வர முடியாதுன்னு. அவர் சரின்னுட்டார். உனக்குன்னு ரூம் கட்டிட்டிருக்கார். உன்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன்." நூரியாவைப் பார்த்தாள். "இதத்தான். இந்த விஷயத்தைத்தான் மறந்துட்டேன்."

சபீக்கா தங்கையின் மடியில் இருந்த டின்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"எப்படிச் சொல்வேன்? என் மண்டையில இருந்தத எல்லாம் நீதான எடுத்துட்ட."

நூரியாவுக்கு எத்தனையோ குற்றவாளிகளைத் தெரியும். பணத்துக்காகச் செய்தவர்கள், பகைக்காகச் செய்தவர்கள். அவர்களைப் பிடிக்கும்போது ஒரு திருப்தி இருக்கும். இங்கே அது இல்லை. ஏமாந்தது கனீமா மட்டுமில்லை, தானும்தான் என்று இருந்தது. இவள் கொடுத்த தேநீரை ருசித்துக் குடித்துவிட்டு, கீழே ஒரு நிரபராதியிடம் போய்ச் சந்தேகத்தோடு பேசியிருக்கிறாள். தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கைப்பேசியை எடுத்து டாக்டருக்கு விஷயத்தைச் சொன்னாள். உடனே அழைத்து வாருங்கள், இன்றே சத்து ஏற்றத் தொடங்குவோம் என்றார் அவர். ஞாபகம் பெரும்பாலும் திரும்பும், கால் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கனீமா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த டின்னை மூடி, ஹமூத்திடம் கொடுத்தாள்.

"போலீஸுக்குச் சொல்வீங்களா?" என்று சபீக்கா நூரியாவைக் கேட்டாள்.

"அதை நான் முடிவு பண்ண முடியாது. உங்க தங்கச்சி சொல்லணும்."

கனீமா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உரித்த பஞ்சு இன்னும் அவள் விரல்களுக்குள் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் முகத்தத் திருப்பிக்குவேன்," என்றாள். "ஆஸ்பத்திரியில வேற யாராவது போட்டா பயத்துல கண்ணத் திறந்து பார்த்துட்டே இருப்பேன், தெரியுமா? நீ போடுறன்னுதான் திருப்பிக்கிட்டேன்."

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடை மாற்றிக்கொண்டு கீழ்த்தளத்து மாமா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்த தீமாவின் குரல் படிக்கட்டு வழியே ஏறி வந்தது.

"யும்மா!"

சபீக்கா தரையில் கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காரு," என்றாள் கனீமா. "என்னைத்தான் கூப்பிடுறா."

சோபாவின் பிடியைப் பிடித்து எழுந்தாள். பிறகு சுவரைப் பிடித்தாள். பாதம் எங்கே படுகிறது என்று தெரியாததால் குனிந்து பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தாள். ஹமூத் தாங்கிப் பிடிக்க நகர்ந்தான். நூரியா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். படிக்கட்டின் தலைப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் கனீமா மூச்சு வாங்கினாள்.

"என்னடா கண்ணு?"

கீழே சின்னக் காலடிகள் நின்றன.

"நீங்க வராதீங்க, விழுந்துடுவீங்க," என்றது குழந்தையின் குரல். "யும்மாவ வரச் சொல்லுங்க."

கனீமா அப்படியே நின்றாள். பிறகு அங்கியைச் சுருட்டிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தாள், நடை பழகாத குழந்தை இறங்குவது போல.

"விழமாட்டேன். நீ அங்கயே நில்லு, நான் வர்றேன்."

உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்கினாள். அடுத்த படியில் கையை ஊன்றி இன்னொன்று. அவள் தலை படிக்கட்டுக்குக் கீழே மறையும் வரை சபீக்கா தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.